நான்கு காலில் நிற்கும் கும்பிடுபூச்சி

பூச்சி அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்க்க வந்தீர்கள். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவர் கேட்டார், "கும்பிடுபூச்சிப் பெட்டியில சில பூச்சிக்கு அடியில மட்டும் செவப்புச் சீட்டு குத்தியிருக்குதுங்களே, 'கால் வேறு'ன்னு. அது உங்க கையெழுத்துதானுங்களா?" ஆமாம் என்றேன். எதற்கு என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். நீங்களும் மரியாதைக்கு வெயிலைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஊசியை எந்தப் பக்கம் குத்துவது, பெட்டிக்கு என்ன மருந்து வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இது வேறு விஷயம்.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்பு. பிறந்தது ஜலகண்டாபுரம். பதினைந்து வயதிலிருந்து தறிப்பட்டறை. ஓடுகிற தறியில் இழை அறுந்தால் நிறுத்த வேண்டும், இரண்டு முனையையும் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும், நெய்த துணியில் அது தெரியக் கூடாது. அந்த வேலையில் என் கைக்குப் பேர் இருந்தது. முதலாளி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்கடா அறுந்துச்சு?" என்பார். "எனக்கே தெரியலீங்க" என்று சொல்லிச் சிரிப்பேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறைக்கு உதவியாளாக வந்தபோதும் அந்தக் கையோடுதான் வந்தேன்.

அங்கே இருந்த பேராசிரியரை சார் என்றே எழுதுகிறேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. பூச்சிகளில் எதற்கு எது சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. சேர்ந்த புதிதில் எனக்கு அது விளங்கவே இல்லை. "பூச்சிக்கு என்ன சார் சொந்தம், கல்யாணமா கட்டிக் குடுக்கப் போறோம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"செங்கோடன், ஒரு விசேஷத்துக்குப் போறீங்க. பந்தியில ரெண்டு பேரு ஒரே மூக்கு, ஒரே நடை. அண்ணன் தம்பின்னு நெனைக்கறீங்க. விசாரிச்சா ஒருத்தர் பொண்ணு ஊடு, ஒருத்தர் மாப்பிள்ளை ஊடு, சம்பந்தமே இல்ல. அந்தப் பக்கம் ஒருத்தர் குட்டையா, கறுப்பா ஒக்காந்திருக்கார். அவருதான் பங்காளி. பூச்சியும் அப்படித்தான். கும்பிடுபூச்சியப் பாத்தா வெட்டுக்கிளிக்குச் சொந்தம்னு தோணும். கெடையாது. அதுக்குக் கரப்பானும் கரையானும்தான் பங்காளி."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு ருசித்தது. வீட்டில் என் மகள் கரப்பானை அடிக்கப் போனால், கும்பிடுபூச்சியின் பங்காளியாக்கும் என்று தடுப்பேன். அவள் அதற்கப்புறம்தான் அடிப்பாள்.

ஜலகண்டாபுரத்தில் என் மச்சானுக்குப் பட்டறை இருக்கிறது. இரவெல்லாம் தறி ஓடும், டியூப் லைட் எரியும். விடிந்ததும் போனால் சுவரெல்லாம் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே போய்ப் பிடிப்பேன். "மாப்ள, எங்க ஊட்டுல பொண்ணு எடுத்தீங்க, பரவால்ல. இப்பப் பூச்சியும் எடுக்கறீங்க" என்பான் மச்சான். ஒரே தொல்லை, பஞ்சு. காற்றில் பறக்கும் பஞ்சு பூச்சியின் காலில் சுற்றிக்கொள்ளும். எவ்வளவு பதமாக எடுத்தாலும் ஒரு கால் பஞ்சோடு போய்விடும்.

அப்படித்தான் அந்தக் கும்பிடுபூச்சி கிடைத்தது. வேப்பம்பட்டை நிறம், தட்டையான உடம்பு. எங்கள் பெட்டிகளில் அந்த வகையில் ஒன்றுகூட அதுவரை இல்லை. வலது நடுக்கால் மட்டும் இல்லை, ஐந்து கால்தான்.

அந்த வாரம் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் பெட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. முழு உடம்போடு இருக்கிற பூச்சி வேண்டும் என்று சார் அடிக்கடி சொல்வார். நான் செய்தது இதுதான். உடைந்த பூச்சிகளைப் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து, வேறொரு கும்பிடுபூச்சியின் நடுக்காலை எடுத்தேன். நீளம் ஒத்துப்போனது. காய்ந்து பழுப்பாகியிருந்ததால் நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போனது. ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினேன். அறுந்த இழையைச் சேர்த்த மாதிரி இருந்தது.

சார் அதை லென்ஸில் பார்த்துவிட்டு, "ஒரு குறை இல்லாமக் கொண்டாந்திருக்கீங்க. தறிக்காரர் கைன்னா கைதான்" என்றார். வந்தவர்களிடமும் அதைத்தான் முதலில் காட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிடித்த ஊர், நாள், இடம் எல்லாம் சீட்டில் சரியாக எழுதியிருந்தேன். சீட்டில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. அதனால் நான் பொய் சொல்லவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் சில பூச்சிகளுக்கு, முன்னங்காலோ பின்னங்காலோ, இப்படிச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பாராட்டுக் கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து மேகலா ஆராய்ச்சிக்கு வந்தாள். ஆட்டையாம்பட்டிப் பெண். அப்பா விவசாயம். வந்த முதல் நாளே என்னை அண்ணா என்றாள், நான் அம்மிணி என்றேன். கும்பிடுபூச்சிகளுக்குள் எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. உருவத்தை வைத்துப் பார்ப்பதோடு, டி.என்.ஏ.வும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பூச்சியிலிருந்தும் ஒரு கால் வேண்டும். இடது பக்கம் அடையாளம் பார்க்க அப்படியே இருக்கட்டும், எல்லாவற்றிலும் வலது நடுக்காலையே எடுக்கலாம் என்று முடிவானது. காலை இடுக்கியால் எடுப்பது நான், வாங்கிக் குழாயில் போட்டு எண் எழுதுவது அவள்.

பட்டறைப் பூச்சியின் முறை வந்தது. இடுக்கியை வைத்தேன். மூட்டில் கடுகில் பாதி அளவுக்குப் பசை மின்னியது. என் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும்.

சார் எனக்குப் பின்னால் நின்றார். மேகலா குழாயைத் திறந்து நீட்டிக்கொண்டு, "என்னுங்கண்ணா, இதுக்குக் கால் எடுக்க மனசு வரலியா? சாரோட செல்லப் பூச்சியாச்சே" என்று சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். 'இந்தக் கால் வேண்டாம் அம்மிணி, இது ஒட்டினது' என்றால் சார் திட்டியிருப்பார், அன்றோடு போயிருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அதுவும் கும்பிடுபூச்சிதானே, இதுவும் கும்பிடுபூச்சிதானே, ஒரு காலில் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன். எதற்கு எது சொந்தம் என்று பார்ப்பதற்காகவே நடக்கிற வேலையில், இத்தனை வருஷம் இருந்த ஒருவன் அப்படி நினைத்தேன். எடுத்துக் குழாயில் போட்டேன்.

போட்டதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒட்டின கால் போய்விட்டது. பூச்சி நான் பிடித்தபோது இருந்த மாதிரியே ஐந்து காலோடு நின்றது. பெட்டியில் இருந்த மற்ற பூச்சிகளுக்கும் இப்போது ஐந்து கால்தான். யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

சில வாரத்தில் வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. எல்லாப் பூச்சியும் சொந்தங்களின் வரிசையில் ஏறக்குறைய எதிர்பார்த்த இடத்தில் இருந்தன. பட்டறைப் பூச்சி மட்டும் தன் சாயலில் இருக்கிற பட்டைநிறப் பூச்சிகளோடு சேராமல், எங்கோ புல்லில் வாழ்கிற பச்சைப் பூச்சிகளின் பக்கத்தில் போய் நின்றது. அதே காலில் மிச்சம் இருந்ததை மறுபடி பார்த்தார்கள். அதே பதில்.

சார் மேகலாவைக் கூப்பிட்டார். "கொழாய மாத்திப் போட்டுட்டியா?"

"இல்லீங்க சார். ஒவ்வொண்ணா எண் எழுதித்தான் மூடி போட்டேன்."

"அப்பறம் எப்படிம்மா? பூச்சியா பொய் சொல்லுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூட இருந்தவன் அல்லவா, சாட்சி சொல்வேன் என்று பார்த்தாள். நான் குனிந்து மேசையைத் துடைத்தேன். சுத்தமாக இருந்த மேசை.

பிள்ளைகளே, அதற்கு அடுத்து நான் செய்ததைத்தான் என்னால் இன்றும் நினைக்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். வாயைத் திறக்காமலே இதைச் சரிசெய்துவிட ஒரு வழி கண்டுபிடித்தேன். சாரிடம் போய், "சார், எடது நடுக்காலயும் எடுத்து அனுப்பிப் பாத்தா என்னுங்க?" என்றேன். அந்தக் கால் அதன் சொந்தக் கால். சரியான பதில் வரும், சந்தேகம் தீரும், அவளுக்கும் கெட்ட பேர் இருக்காது, எனக்கும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

பதில் சரியாகத்தான் வந்தது. பூச்சி தன் சொந்தங்களோடு போய்ச் சேர்ந்தது. சார் என் எதிரிலேயே அவளிடம் சொன்னார், "அப்ப மொதத் தடவ நீ மாத்தித்தான் போட்டிருக்க. ஒண்ணு மாறியிருந்தா இன்னும் எத்தன மாறியிருக்கும்? எல்லாத்தையும் திரும்ப எடு. செங்கோடனுக்கு இருக்கற கவனத்துல கால்வாசி உனக்கு இருந்தா இந்த வேல மிச்சம்."

அவள் குற்றவாளி என்பதற்கு நானே போய்ச் சாட்சியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். அப்போதுகூட வாய் திறக்கவில்லை.

அறுபத்திரண்டு பூச்சி. ஒவ்வொன்றிலும் இடது நடுக்கால். பட்டறைப் பூச்சிக்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, மற்ற அறுபத்தொன்றுக்கும் எடுத்தோம். எடுத்தவன் நான்தான். தேவையில்லாத வேலை என்று தெரிந்துகொண்டே, நாலு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. எண்ணை எழுதி, என்னிடம் காட்டி, "சரிதானுங்களாண்ணா, நீங்களே ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்பாள். தன் கண்ணையே அவள் நம்பவில்லை. நான் பார்த்து, "சரி அம்மிணி" என்பேன். அறுபத்தொரு தரம் சொன்னேன்.

அந்த வருஷம் அவள் வேறு மாநிலத்தில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு மனுப் போட்டிருந்தாள். அங்கே போவதுதான் அவள் ஆசையெல்லாம். ஆராய்ச்சியை நேரத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டும், சார் ஒரு கடிதமும் எழுத வேண்டும். திரும்ப எடுத்ததில் மாதக்கணக்கில் போய்விட்டது. சார் கடிதத்தை எழுதவில்லை. "கை இன்னும் பழகட்டும்மா" என்றுவிட்டார். அந்த இடம் வேறு யாருக்கோ போனது.

அவள் ஆய்வேடு அச்சுக்குப் போகும் முன்பு ஒருநாள் மத்தியானம், நான் பூச்சி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆங்கிலம் எனக்கு ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, உங்களப் பத்தி எழுதியிருக்கேன். படிச்சுச் சொல்றேன், கேளுங்க" என்று தமிழில் சொன்னாள். கவனமான கைகளால் எனக்குத் துணைநின்ற செங்கோடன் அண்ணனுக்கு நன்றி என்று இருந்தது.

"இன்னொரு எடத்துலயும் வருது" என்று பக்கத்தைப் புரட்டினாள். "மொதல் முடிவு தப்பா வந்ததுக்கு, கொழாயக் கையாண்ட என்னோட கவனக்கொறைவுதான் காரணம்னு எழுதியிருக்கேன். சார் எழுதச் சொன்னார். நீங்க சொல்லித்தான் எடது கால் எடுத்தோம்கறதும் அதுல இருக்குது."

"அத எழுதாத அம்மிணி" என்றேன்.

"ஏனுங்கண்ணா, உண்மைய எழுதித்தானே ஆகோணும்?"

"அந்தக் கால் அந்தப் பூச்சியோடது இல்ல. நான் ஒட்டுனது."

அவள் புரியாமல் பார்த்தாள். நான் டப்பா, பசை, வந்த பெரிய ஆட்கள், எல்லாம் சொன்னேன். கை சோற்றிலேயே இருந்தது. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புடுங்கும்போது தெரியுமா?"

"தெரியும் அம்மிணி."

வேறு எதுவும் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் தாளையெல்லாம் ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கி, தட்டி நேராக்கினாள். "சாருகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று எழுந்துகொண்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

சாரிடம் சொன்னேன். திட்டுவார், வேலையிலிருந்து நிறுத்துவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முழுசா வேணும் முழுசா வேணும்னு உங்களப் படுத்துனது நானுங்க" என்றார். பிறகு மேகலாவின் தாளை வாங்கி, பேனா எடுத்து, அந்த வரியை அடித்தார். தாளை அவளிடமே நீட்டினார்.

மேகலாதான் சொன்னாள், "அடிச்சா மட்டும் போதாதுங்க சார். என்ன நடந்துச்சோ அத எழுதோணும்."

"எழுதிக்கம்மா."

"அந்தக் கால் வேற பூச்சியோடதுன்னு எழுதறேன். யாரு ஒட்டுனதுன்னு எழுதல." பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தன பூச்சிக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?" என்றாள்.

எனக்கு எண்ணிக்கை தெரியவில்லை. அதைச் சொல்லும்போது எனக்கு வந்த வெட்கம், ஒட்டியதைச் சொன்னபோதுகூட வரவில்லை. அவள் கேட்டது எனக்காகவோ அவளுக்காகவோ இல்லை. இனிமேல் அந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்காகக் கேட்டாள். உங்களுக்காக.

மறுநாளிலிருந்து பெட்டி பெட்டியாக எடுத்து, லென்ஸில் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். கிடைத்ததற்கெல்லாம் சிவப்புச் சீட்டு எழுதிக் குத்தினேன். நீங்கள் பார்த்தது அவைதான். பட்டறைப் பூச்சியிடம் இப்போது ஒட்டின கால் எதுவும் இல்லை. அதற்கும் சீட்டு உண்டு. மற்ற அறுபத்தொன்றைப் போலவே இரண்டு நடுக்காலும் இல்லாமல் நான்கு காலில் நிற்கிற வேப்பம்பட்டை நிறப் பூச்சி, அதுதான்.

ஆய்வேடு அச்சாகி வந்தபோது ஒரு பிரதியை மேகலா என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. கவனமான கைகள் என்பது இல்லை. பெயர் மட்டும். அவ்வளவாவது விட்டுவைத்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.

இதை வீட்டில் வெகுநாள் சொல்லவில்லை. என் பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டு மறைத்தால் நான் பொறுக்கமாட்டேன். சைக்கிள் கண்ணாடியை உடைத்துவிட்டு ஒளித்துவைத்ததற்காக மகனோடு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அந்த அக்கா இப்ப என்ன பண்றாங்கப்பா?" என்றாள்.

நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும். மேகலா அடுத்த வருஷம் அந்த ஆய்வகத்துக்கு மறுபடி மனுப் போடவில்லை. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கேனுங்கண்ணா" என்றாள். அண்ணா என்று திரும்பவும் சொன்னாள். "பூச்சி வேலை?" என்று கேட்டேன். "புள்ளைங்க புடிச்சுட்டு வந்தா பேரு சொல்லுவேன்" என்று சிரித்தாள். அவளுடைய பேருந்து வந்துவிட்டது.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, அதை உங்களிடம்தான் கொடுக்க வேண்டும். சிவப்புச் சீட்டு மொத்தம் பதின்மூன்று குத்தியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக் கணக்குப் பார்த்ததில் நான் ஒட்டியது பதினான்கு. ஒரு பச்சைப் பூச்சி, பின்னங்கால். ஒட்டியது நன்றாக நினைவில் இருக்கிறது, எந்தப் பெட்டி என்பது நினைவில் இல்லை. வேலையில் இருந்தவரை தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறேன்.

ஜன்னல் பக்கத்து மேசையில், மேல் இழுப்பறையில் என் லென்ஸ் இருக்கிறது. அதற்கு அடியில், பதினான்காவது சீட்டை எழுதியே வைத்திருக்கிறேன். எந்தப் பச்சைப் பூச்சியிலும் கால் எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை மூட்டைப் பாருங்கள். அது கிடைத்தால் சீட்டைக் குத்திவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

செங்கோடன்